பிற்பகலில் பல்லில்லாமல் சிரித்தவள்

ஜூன் 9

மாட்சிமை பொருந்திய மாமாவுக்கு,

வாலு எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் இருந்ததற்கு நன்றி. கிழித்திருந்தால் இந்த வரியை நீங்கள் படிக்கவில்லை, ஆகவே நன்றி வாபஸ்.

என்னை விடுதியில் போட்டுவிட்டார்கள். 'போட்டு' என்பதுதான் சரியான சொல், கால் உடைந்த நாற்காலியை மாடியில் போடுவதுபோல. குற்றம் என்ன? எங்கள் குடியிருப்பு லிஃப்டில் தளத்தின் பெயரைச் சொல்லும் ஒரு பெண் குரல் உண்டல்லவா? அதை எடுத்துவிட்டு என் குரலை வைத்தேன். "இரண்டாம் தளம். எடை தாங்கவில்லை. தயவுசெய்து ஒருவர் இறங்கவும். யார் என்று உங்களுக்கே தெரியும்." அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்துச் சங்கச் செயலாளர் உள்ளே தனியாக நின்றுகொண்டிருந்ததற்கு நானா பொறுப்பு?

இங்கே கைப்பேசிக்குத் தடை. ஞாயிற்றுக்கிழமை வார்டன் அறையில் அம்மாவோடு மட்டும் பேசலாம். வார்டன் பக்கத்தில் உட்கார்ந்து பூத்தையல் போட்டுக்கொண்டே காதையும் போட்டுவைப்பார். அப்படிப் பேசும்போதுதான் அம்மா சொன்னாள்: "உன் மாமா மறுபடியும் அந்தப் பொக்கைக் கதையைத் தூக்கிக்கிட்டு அலையறான்டி. அக்டோபர்ல ஏதோ மாநாடாம். காய்ச்சல்ல உளறினவன் அப்பவே நிறுத்தியிருக்கணும்."

மாமா, வெட்கமாக இல்லையா?

உங்கள் 'புள்ளித்திரை நண்பர்கள்' குழுவை அம்மாவின் கைப்பேசியில் பார்த்திருக்கிறேன். நாற்பது தாண்டிய ஆட்கள், சின்ன வயதில் டிவி பார்த்து நடுங்கிய கதையைச் சொல்லி ஒருவர் முதுகை ஒருவர் தடவிக்கொள்கிறார்கள். கண்ணில்லாத பொம்மை ஒன்று கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்ததாம். எங்கள் கணக்கு சாருக்கும்தான் கண் சரியில்லை, நாங்கள் மாநாடா போடுகிறோம்? வானிலை சொன்னவருக்கு நிழலே விழவில்லையாம். அன்று மேகமூட்டம் என்று அர்த்தம், அதைச் சொல்வதுதானே அவர் வேலை? அந்தக் கூட்டத்திலும் உங்களைத்தான் யாரும் நம்பவில்லை என்றால், நீங்கள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்!

உங்களிடம் இருந்தது தொலைக்காட்சி இல்லை மாமா, தொலைந்த காட்சி. விட்டுத் தொலையுங்கள்.

உங்கள் அருமை மருமகள்,
வாலு


ஜூன் 17

மருமகளே,

உன் கடிதத்தில் எழுத்துப்பிழை இல்லை. அதுதான் அதில் இருந்த ஒரே நல்ல விஷயம்.

நான் பல் செட் செய்கிறவன். காலை முதல் மாலை வரை மெழுகில் ஈறு வடித்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல்வாயும் கீழ்வாயும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்க்கிறவன். உன்னைப் போன்ற வாயாடிகளின் வாயை மட்டும் எந்த அச்சிலும் அளவெடுக்க முடியாது.

உன் அம்மா சொன்ன கதை உனக்குத் தெரியும். நடந்ததை இப்போது கேள்.

எனக்கு எட்டு வயது. கன்னம் வீங்கிப் பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்தேன். அக்கா, அதாவது உன் அம்மா, பள்ளியில்; அம்மாவும் அப்பாவும் வேலையில். அந்தக் காலத்தில் டிவி நாள் முழுக்க ஓடாது. மாணவர்களுக்கான நிகழ்ச்சி மதியம் முடிந்ததும் அறிவிப்பாளர் வந்து, இத்துடன் ஒளிபரப்பு நிறைவடைகிறது, மாலையில் சந்திப்போம் என்பார். பிறகு வெறும் புள்ளிகள்தான். அன்றும் வந்தார். சொன்னார். சொல்லி முடித்த பிறகும் போகவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார். வாய்க்குள் ஒரு பல் கூட இல்லை. நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். அந்தச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்ப்பவர்போல அவர் பக்கவாட்டில் பார்த்தார். அதன் பிறகுதான் புள்ளிகள் வந்தன.

இதைச் சொன்னதற்கு அப்பா விருந்தாளிகள் முன்னால் என்னை அறைந்தார். உன் அம்மா எனக்குப் பொக்கை என்று பேர் வைத்தாள். என் கல்யாண மேடையில்கூட அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். என் மாமனாருக்கு இன்றுவரை என் நிஜப் பேர் தெரியுமா என்பது சந்தேகம்.

அக்டோபர் மாநாட்டில் குழுவினர் கை தூக்கி முடிவு செய்வார்கள்: அப்படி ஒரு காட்சி இருந்ததா, இல்லையா. இல்லை என்று முடிவானால் அதைப் பற்றி அங்கே இனிப் பேசவே கூடாது. அட்மின் மாத்திரை விற்கும் ஆசாமி. தன் சரக்கைத் தவிர வேறெதையும் நம்பமாட்டான். "அண்ணே, வேற யாராச்சும் ஒருத்தர் பார்த்திருந்தாக்கூடப் போதும்" என்று கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்கிறான்.

நான் பொய்யன் இல்லை என்று ஒரு முறையாவது யாராவது சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். உனக்குப் புரியாது. உங்கள் தலைமுறைக்குப் பயப்படவும் தெரியாது, ஒன்றை இரண்டு நாளைக்கு மேல் ஞாபகம் வைத்துக்கொள்ளவும் தெரியாது.

மாமா


ஜூலை 1

மாமா,

நீங்கள் அறை வாங்கிய விஷயம் எனக்குத் தெரியாது. அம்மா அந்தப் பகுதியை மட்டும் தணிக்கை செய்துவிட்டாள். தாத்தாவின் சார்பில் வருத்தம், அரைக் கிலோ.

சரி, நம்பாதவர்களை நம்பவைக்க வேண்டுமென்றால் விவரம் வேண்டும். 'சிரித்தார், பல் இல்லை' என்று சொன்னால் என் வகுப்பில் பாதிப் பேருக்குப் பல் தேய்க்கும் பழக்கமே இல்லை, அவர்களும் சிரிக்கத்தான் செய்கிறார்கள். தலை எப்படி வாரியிருந்தார்? காதில் என்ன? பின்னால் என்ன நிறம்? மேசை இருந்ததா? மேசைமேல் என்ன? சொன்ன வாக்கியம் சரியாக என்ன? எந்தப் பக்கம் திரும்பினார்?

வெறும் பொது அறிவுக்காகக் கேட்கிறேன். என்னிடம் அது குறைவு என்று நீங்களே பல முறை சொல்லியிருக்கிறீர்கள்.

இங்கே எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள், பேர் நெட்டை. கட்டிலுக்கு வெளியே முழங்காலிலிருந்து நீட்டிக்கொண்டு தூங்குவாள். முகத்தில் உணர்ச்சியே வராது. வார்டன் திட்டும்போது சுவரையும் இவளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுச் சுவரைத் திட்டுவார்.

வாலு


ஜூலை 9

வாலு,

திடீரென்று பணிவு. உன் கடிதத்தை இரண்டு முறை உதறிப் பார்த்தேன், உள்ளே பல்லி ஏதும் இருக்கிறதா என்று.

கேட்டதால் சொல்கிறேன். உயர்த்திக் கட்டிய கொண்டை. காதில் பெரிய வளையம், இடது வளையம் மட்டும் லேசாக ஆடியது. பின்னால் மடிப்பு மடிப்பாகச் சாம்பல் நிறத் திரை. சிறிய மேசை. மேசைமேல் எதுவுமே கிடையாது, அவருடைய கைகள் மட்டும்தான், ஒன்றின்மேல் ஒன்று. "இத்துடன் நம் பிற்பகல் ஒளிபரப்பு நிறைவடைகிறது. மாலை ஐந்தரைக்குச் சந்திப்போம். வணக்கம்." சைக்கிள் மணிக்குத் திரும்பியது அவருடைய வலப்பக்கம்.

முப்பத்தைந்து வருஷமாக ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் வைத்திருக்கிறேன். நீ போன மாதம் படித்த பாடத்தைச் சொல் பார்ப்போம்.

மாமா


ஆகஸ்ட் 20

என் அன்பு மருமகளே,

இன்று காலை மேல்வாய் செட் ஒன்றில் கடைவாய்ப் பல்லை முன்னால் நட்டுவிட்டேன்.

வந்துவிட்டது! நேற்று தபாலில் ஒரு பொட்டலம், அனுப்பியவர் பேர் இல்லை. உள்ளே ஒரு பழைய வீடியோ கேசட், கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டேன். குப்பைக்குப் போக இருந்ததை எடுத்து வைத்தேன்.' என் பழைய பிளேயரைத் தூசி தட்டிப் போட்டேன்.

அவர்தான். அதே கொண்டை, அதே வளையம், அதே திரை. படம் நடுங்குகிறது, பாதிக்கு மேல் கோடு கோடாக ஓடுகிறது. ஆனால் அந்தச் சிரிப்பு! என்ன சொல்வது? நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் அத்தை ஓடிவந்து, "என்னங்க, நெஞ்சு வலியா?" என்றாள். நான் அழுதுகொண்டே டிவியைக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "ஐயோ, நிஜமாவே இருக்கு!" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

ஒன்று கவனி. மேசையில் ஒன்றுமில்லை என்று உனக்கு எழுதினேன் அல்லவா? தப்பு. பூச்சாடி இருக்கிறது! அதில் வாடிய ஒரு சிவப்பு ரோஜா. பார்த்த உடனே ஞாபகம் வந்துவிட்டது. எப்படி மறந்தேனோ! அந்த ரோஜாவைப் பார்த்துத்தான் முதலில் பயந்தேன் என்றுகூடத் தோன்றுகிறது.

அட்மினுக்கு அனுப்பிவிட்டேன். கொட்டாவியெல்லாம் நின்றுபோய், "அண்ணே அண்ணே" என்று குழைகிறான். அந்த அறிவிப்பாளர் அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறாராம், மாநாட்டுக்கு அழைத்து வரப்போகிறார்கள். உன் அம்மாவுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. அன்று மேடையிலிருந்தே கூப்பிட்டுச் சொல்வேன்.

ஆனந்தத்துடன்,
மாமா


ஆகஸ்ட் 27

மாமா,

உட்கார்ந்து படியுங்கள். ஏற்கெனவே தரையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் அப்படியே இருங்கள்.

அது நான். கேசட்டை அனுப்பியது நான், எடுத்தது நான், 'ஓய்வு பெற்றவன்' நான். அதிலிருக்கும் அறிவிப்பாளர் நெட்டை.

எங்கள் ஒலி-ஒளி அறை அலமாரியில் செருப்புப் பெட்டி சைஸில் ஒரு கேமரா தூங்கிக்கொண்டிருந்தது, கேசட் போட்டு எடுக்கிற ரகம். அதற்கு மேக்கப்பே வேண்டாம், எதை எடுத்தாலும் நாற்பது வருஷம் பழசாகத்தான் வரும். சாம்பல் திரை வார்டனின் போர்வை. வளையம் திரைச்சீலைக் கம்பியில் இருந்தது. நெட்டையின் பல்லைத் துணியால் துடைத்துக் காயவைத்துக் கண்மை பூசினோம். எச்சில் ஊற ஊறக் கரைந்தது, மூன்றாவது முறைதான் நின்றது. ரெண்டு நாள் அவள் எதைத் தின்றாலும் கண்ணழகாக இருக்கிறது என்றாள். பூச்சாடி வார்டன் மேசையிலிருந்து எடுத்தது, பிளாஸ்டிக். பின்னால் சுவரில் ஒரு ஸ்விட்ச் போர்டு தெரிந்தது, அதை மறைக்க வைத்தோம். நீங்கள் 'முதலில் பயந்த' ரோஜாவுக்குப் பின்னால் இருப்பது ஃபேன் ஸ்விட்ச்.

நீங்கள் பார்த்ததும் கண்டுபிடித்து என்னை நாறடிப்பீர்கள், நான் ஒரு வாரம் சிரிக்கலாம் என்று நினைத்தேன். நீங்கள் பல் வைத்தியரின் வலக்கை! பல்லுக்கு மை பூசியது தெரியாமலா போகும் என்று பந்தயமே கட்டினேன். நெட்டை, "உன் மாமா அழுவாரு பாரு" என்றாள். நான் அவளைக் கேலி செய்தேன்.

உங்களைவிட என்மேல்தான் இப்போது எனக்குக் கடுப்பு அதிகம், ஆனால் வித்தியாசம் கொஞ்சம்தான். எட்டு வயதுப் பையன் பார்த்ததை அப்படியே வைத்திருக்கிறேன் என்றீர்களே மாமா, ஒரு மடிப்புக் கலையாமல்! நான் ஒரு பிளாஸ்டிக் பூவை வைத்ததும் அதையும் உள்ளே சேர்த்து மடித்துவிட்டீர்களே.

அந்த அறிவிப்பாளர் அம்மாவை அழைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேடையில் போடாதீர்கள். அத்தனை பேர் முன்னால் மாட்டிக்கொண்டால் பொய்யன் என்ற பட்டத்துக்கு முத்திரையே குத்திவிடுவார்கள். அதற்கு நான் காரணமாக இருக்க முடியாது.

வாலு


செப்டம்பர் 4

வாலு,

எவ்வளவு கொடுத்தாள் உன் அம்மா, இதை எழுதச் சொல்லி? இல்லை, விடுதியிலிருந்து சீக்கிரம் கூட்டிக்கொள்கிறேன் என்றாளா? எப்படியும் உன் அத்தை அவளிடம் உளறியிருப்பாள்.

தம்பி பொய்யன் என்றே எல்லாரும் நினைக்க வேண்டும். அவளுக்கு அதில் ஒரு ருசி. நான் ஜெயிப்பது பொறுக்கவில்லை.

நீ ஒரு லிஃப்டுக்குள் குரல் வைத்ததும் பெரிய கில்லாடி ஆகிவிட்டாயா? தேநீர் போட்டால் தண்ணீர் தீய்ந்துபோகும் உன் கையில். நீயா அந்த முகத்தை உண்டாக்கினாய்? அந்தச் சிரிப்பை யாரும் உண்டாக்க முடியாது. முடிந்திருந்தால் நான் எப்போதோ என் மேசையில் செய்திருப்பேன், பல்லைக் கழற்றிய அச்சு முகங்கள் என்னிடம் அலமாரி நிறைய இருக்கின்றன.

நான் கேட்ட விவரங்களை நீங்கள்தானே கொடுத்தீர்கள் என்பாய். கொடுத்தேன். ஆனால் பூச்சாடியை நான் உனக்குச் சொல்லவில்லையே? அது கேசட்டில் எப்படி வந்தது? அதுவே அது உண்மை என்பதற்குச் சாட்சி.

யோசிக்காமல் பொய் சொல்வது எப்படி என்று உன் அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் பயிற்சி எடு.

மாமா


செப்டம்பர் 24

மாமா,

நீங்கள் எழுதிய அந்தப் பூச்சாடி வாதத்தைத் தர்க்கம் நடத்தும் ஆசிரியையிடம் காட்டினேன். படித்துவிட்டு, "யாருடையது இது?" என்றார். தூரத்துச் சொந்தம் என்றேன். இந்த வாரத்துக்கு அதுதான் நம் உறவு.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. நான் சொல்லவே இல்லை. உங்களுக்காகத்தான் சொல்லவில்லை, மண்டையில் அடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தோடு ரோஜாவை அனுப்பியிருக்கிறேன். வார்டனுக்குத் தெரியாமல் காம்பை வெட்டினேன், அதற்கான தண்டனை தனிக்கதை. மூன்றாவது இதழின் ஓரம் கருகியிருக்கும், இஸ்திரிப் பெட்டி பட்டது. கேசட்டை ஓட்டி, நிறுத்தி, பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். பார்த்துவிட்டு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். ஆனால் பாருங்கள்.

மேடை ஏறாதீர்கள். காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் குடும்பத்தில் அது எடுபடும்.

வாலு


அக்டோபர் 6

வாலு,

உன் ரோஜா மாநாட்டன்று காலைதான் வந்து சேர்ந்தது. நிறுத்திப் பார்த்தேன். மூன்றாவது இதழ்.

பிறகு, முதல் முறையாக, அந்த முகத்தை என் தொழில் கண்ணால் பார்த்தேன். பல் இல்லாத வாய் சிரித்தால் உதடு உள்ளே இழுத்துக்கொள்ளும், மூக்கும் முகவாயும் ஒன்றையொன்று தேடி வரும். உன் நெட்டையின் உதடு நிமிர்ந்து நிற்கிறது, பின்னால் முப்பத்திரண்டும் வரிசையாக முட்டுக்கொடுத்து நிற்கின்றன. புதிதாக வேலைக்கு வந்த எவனுக்கும் பார்த்ததும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. அதற்கு நீ என்ன பேர் வைத்தாலும் சரி.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். ஏதோ ஒரு கல்லூரியின் கருத்தரங்கக் கூடம். ஏசி ஒழுகுகிற இடத்தில் ஒரு வாளி. அட்மின் கோட்டுப் போட்டிருந்தான். நான் போவதற்குள் படத்தை இரண்டு தடவை ஓட்டி முடித்திருந்தார்கள். பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் பார்த்தேங்க, அந்த ரோஜாப்பூவ இத்தன வருஷமா மறக்க முடியல" என்றார். இன்னொரு அம்மா தன் மகளுக்கு அந்தப் பூவின் பேரையே வைத்திருப்பதாகச் சொன்னார். அப்போது அந்தப் பூ வார்டன் மேசைக்கே வந்திருக்காது!

மேடையில் ஏறி ஒலிபெருக்கியில் சொன்னேன்: "இது போலி. என் மருமகள் எடுத்தது." கூட்டம் சிரித்தது. அட்மின் பாய்ந்து வந்து தோளில் கை போட்டான். "அண்ணன் எப்பவுமே இப்படித்தான், பெருமையெல்லாம் தனக்கு வேணாம்னு தள்ளி வைக்கிற மனுஷன். ஆரம்பத்துலேர்ந்து நான் மட்டும்தான் இவரை நம்பினேன்!" கைதட்டல். எனக்கு ஆத்திரம். பையிலிருந்து உன் ரோஜாவை எடுத்து உயர்த்திக் காட்டி, "இதோ பாருங்க, பிளாஸ்டிக்" என்றேன். கூடமே எழுந்து நின்றது. "ஒரிஜினல் பூவயே கொண்டுவந்துட்டாருப்பா!" அதோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை கட்டினார்கள். இத்தனை வருஷம் எந்தக் கூட்டத்திடம் நம்பு நம்பு என்று கெஞ்சினேனோ, அதன் லட்சணத்தை அன்றுதான் பார்த்தேன். அதில் ஒரு காட்டுப்பூனையைக் கொண்டுபோய் விட்டிருந்தால், சின்ன வயதில் பார்த்த செய்தி வாசிப்பாளர் என்று அந்தக் கூட்டம் கண்ணீர் விட்டிருக்கும்.

பிறகு அறிவிப்பாளர் அம்மா வந்தார். ஊன்றுகோல், சாயம் பூசிய தலை. படத்தைப் பார்த்தார். "நான்தான்" என்றார். "வேணும்னேதான் சிரிச்சேன்" என்றார். கூரை பறந்தது. எல்லாரும் கை தூக்கினார்கள்: இருந்தது, இருந்தது, இருந்தது.

வெளியே அவர் வண்டிக்குக் காத்திருந்தபோது போய் நின்றேன். "அம்மா, அது நீங்க இல்ல. ஆனா நிஜமாவே ஒரு நாள் மத்தியானம் அப்படிச் சிரிச்சீங்களா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்தனையோ மத்தியானம்பா. எனக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்டுல நான் டிவில வந்தேன்னு சொன்னா பேரப்பசங்க நம்பறதில்ல. இங்க ஒரு கூட்டமே எழுந்து நிக்குது. நீ போய் இல்லைன்னு சொல்லுவியா?"

வண்டிக் கதவைத் திறந்துவிட்டேன். அவருடைய கீழ்வாய் செட் தளர்ந்திருந்தது, பேசும்போது தூக்கியது. யார் செய்ததோ, மட்டமான வேலை.

மாமா


அக்டோபர் 14

மாமா,

நான் சும்மா இருக்கவில்லை. நெட்டையின் வீட்டுக்காரர்கள் வந்தபோது அவள் அக்காவின் கைப்பேசியை வாங்கி உங்கள் குழுவுக்குள் நுழைந்தேன். போர்வை, திரைக்கம்பி, கண்மை, எல்லாவற்றையும் எழுதினேன். நெட்டை அதே கொண்டையோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் படத்தையும் போட்டேன். அட்மினின் பதில்: "தங்கச்சி, நீ அப்போ பிறக்கவே இல்ல. பெரியவங்க ஞாபகத்தோட விளையாடாத." அடுத்த நிமிஷம் என்னை வெளியே தள்ளிவிட்டான். நெட்டையின் படத்துக்குக் கீழே ஒருத்தர், "அந்த அம்மாவோட பேத்தி போல, அதே ஜாடை" என்று எழுதியிருக்கிறார். நெட்டை அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள் மாமா. நடிப்பில்லாமல், ஜூனிலிருந்து முதல் முறை.

இன்னும் கேவலம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அம்மா போனில் அழுதாள். வார்டன் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "அவனை எத்தன பேச்சுப் பேசியிருக்கேன்டி. அந்தப் படத்த யாரோ அனுப்பியிருந்தாங்க, நேத்துத்தான் பார்த்தேன். பார்த்ததும் எனக்கே ஞாபகம் வந்துடுச்சு. நானும் பக்கத்துல உக்காந்து பார்த்தேன், பயத்துல வெளிய சொல்லல. அப்பா அவன அடிச்சப்போ வாயத் திறக்காம நின்னேன் பாரு, பாவி." நீங்கள்தானே எழுதினீர்கள், அம்மா அன்று பள்ளியில் இருந்தாள் என்று? நான் வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறை, குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, எல்லாம் கிடைத்துவிட்டது உங்களுக்கு. அக்காவின் மன்னிப்பு, அத்தையின் மரியாதை, அட்மினின் கோட்டு வாசனை. உலகமே உங்களை நம்புகிறது.

இல்லை. அவர்கள் நம்புவது நெட்டையை. உங்களை நம்புவது இப்போது நான் ஒருத்திதான். சைக்கிள் மணிக்குத் திரும்பினார் என்று எழுதினீர்களே, அதை நான் படத்தில் வைக்கவில்லை, மணி கிடைக்கவில்லை. வாசித்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது, அதைச் சொன்னால் நீங்கள் தலையில் ஏறிவிடுவீர்கள் என்று சொல்லாமல் விட்டேன். அப்படியொன்றை ஒரு ஆள் கற்பனை செய்ய முடியாது, அதுவும் உங்களால் நிச்சயமாக முடியாது.

அதனால் ஒரு வேண்டுகோள். அந்த அறிவிப்பாளரைப் பற்றி மறுபடியும் எழுதுங்கள். முதலிலிருந்து. நான் எதையும் சேர்க்கமாட்டேன், சத்தியம்.

வாலு


அக்டோபர் 22

வாலு,

உன் அம்மா போன வாரம் வந்திருந்தாள். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். என்னை நிஜப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். யாரையோ கூப்பிடுகிறாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். அவளிடம் எதுவும் சொல்லாதே. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததாகவே இருக்கட்டும். தனியாகப் பார்த்த எனக்கும் அது ஒரு விதத்தில் துணைதான், பொய்த்துணை.

நீ கேட்டதை எழுத உட்கார்ந்தேன். தாள் தாளாகக் கிழித்தேன்.

கொண்டை என்று எழுதினால் அது உன் நெட்டையின் கொண்டை. வளையம் என்றால் திரைக்கம்பி வளையம். மேசைமேல் எதுவுமே இல்லை என்று அழுத்தி எழுதிவிட்டு நிமிர்ந்தால், பூச்சாடி நிற்கிறது. வெயில் இருந்தது எனக்குத் தெரியும், எழுதியும் வைத்திருக்கிறேன், உன் ஜூன் மாதக் கடிதத்துக்குப் பதிலாக. ஆனால் அது ஏதோ அடுத்த வீட்டுப் பையன் சொன்னதுபோல இருக்கிறது. சைக்கிள் மணி கேட்கிறது, திரும்புவதற்கு ஆள் இல்லை.

உன்னைத் திட்ட வேண்டுமென்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் கேசட்டை நீ ஒரு முறைதான் செய்தாய். நான்தான் தினமும் போட்டுப் போட்டுப் பார்த்தேன், நாற்பது தடவை இருக்கும். நீ வைத்த முகத்தை நான்தான் அழுத்தி அழுத்தி அச்செடுத்தேன். பழைய அச்சின்மேல் புது மெழுகை ஊற்றினால் பழையது என்ன ஆகும் என்று எனக்கா தெரியாது?

ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமான பிறகும்கூட, மத்தியானத்தில் வீட்டில் தனியாக இருக்க நேர்ந்தால் நான் டிவி இருக்கிற பக்கம் முதுகைக் காட்டி உட்காரமாட்டேன். அந்த அம்மா இன்னும் திரையைவிட்டுப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். அத்தனை பேர் சிரித்தபோதும் என் பக்கம் இருந்தது அந்தப் பயம் ஒன்றுதான். பொய்யனுக்கு அப்படிப் பயம் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இன்று மத்தியானம் உன் அத்தை கடைக்குப் போயிருந்தாள். டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. திரும்பி உட்கார்ந்து கண்ணை மூடினேன். உன் நெட்டை வந்தாள், சிரித்தாள். அவளைப் பார்த்து ஓர் ஈகூடப் பயப்படாது.

மாமா